ஆட்டோகிராப் நோட்டில் எழுதிய லட்சியம்: பதினைந்து வயது ஆசையும் முப்பது வயது வேலையும்

பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கியது பழைய பத்திரம் ஒன்றைத் தேடுவதற்காக. பத்திரம் கிடைக்கவில்லை. 1996 மார்ச்சில் பத்தாம் வகுப்பு முடித்தபோது நண்பர்களிடம் எழுதி வாங்கிய ஆட்டோகிராப் நோட்டு கிடைத்தது. ரோஜாப்பூ போட்ட அட்டை, பக்கத்துக்கு ஒரு நிறத்தில் தாள். அந்நாளைய வழக்கப்படி எல்லாப் பக்கங்களிலும் ஒரே கேள்விகள்: பெயர், முகவரி, பிடித்த நிறம், பிடித்த நடிகர், மறக்க முடியாத நாள். கடைசியில், லட்சியம்.

அந்தக் கடைசி வரியை மட்டும் படித்துக்கொண்டே போனேன். டாக்டர், இன்ஜினியர், கலெக்டர், டாக்டர், டீச்சர், போலீஸ், கலெக்டர், ராணுவம், மறுபடியும் டாக்டர். ஒரு வகுப்பின் எதிர்காலம் முழுவதும் ஐந்தாறு சொற்களுக்குள் அடங்கிவிட்டது. ஒரு பெண் மட்டும் லட்சியம் என்ற இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தாள்.

இவர்களில் பலர் இன்று என்ன செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் என்று எழுதியவர்களில் ஒருவன் டி.எம்.எல்.டி. என்ற ஆய்வகப் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறான். கலெக்டர் என்று எழுதியவர்களில் ஒருவன் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி கிராம நிர்வாக அலுவலர் ஆனான். டீச்சர் என்று எழுதிய ஒருத்தி உண்மையிலேயே டீச்சராக இருக்கிறாள்.

பதின்ம வயதில் சொல்லும் வேலைக்கும் பின்னர் பார்க்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா? சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதைக் கேட்டுவருகிறார்கள். 'உண்டு' என்றும் பதில் வந்திருக்கிறது, 'இல்லை' என்றும் வந்திருக்கிறது. இரண்டும் சரிதான். எதைப் 'பொருந்துவது' என்கிறோம் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது.

நினைவை நம்பாதீர்கள்

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்வியை நாற்பது வயதுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. சின்ன வயதில் என்னவாக ஆசைப்பட்டீர்கள் என்று கேட்டால், இன்றைய வேலைக்குத் தோதான ஒரு சின்ன வயதை எடுத்துச் சொல்வார். அது பொய்யல்ல. இன்றைக்கு ஏற்றபடி நேற்றைத் திருத்தி வைத்துக்கொள்வது நினைவின் சுபாவம்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குப் பத்திரிகையில்தான் நாட்டம் என்று இருபது வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். நோட்டு கிடைத்த உற்சாகத்தில் ரத்தப் பரிசோதனை நிலைய நண்பனை அழைத்து, அவனுடைய நோட்டில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்கச் சொன்னேன். படம் எடுத்து அனுப்பினான். கையெழுத்து என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. லட்சியம்: பேங்க் மேனேஜர். அப்படி ஓர் ஆசை எனக்கு இருந்ததாக எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியைக் கையாள்கிறார்கள். சிறுவர்களிடம் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதே ஆட்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடிப்பது. இதைத் தொடர் ஆய்வு என்கிறோம். பணமும் பொறுமையும் மிகுதியாகக் கேட்கும் வேலை. இதில் பிரிட்டன் முன்னோடி. 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் அந்நாட்டில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைப் பதிவு செய்து, வாழ்நாள் நெடுகத் தொடர்ந்துவருகிறார்கள். 1969இல், அவர்களுக்குப் பதினொரு வயதானபோது, பள்ளியில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள்: உனக்கு இப்போது 25 வயது என்று கற்பனை செய்துகொள், உன் வாழ்க்கை, வீடு, வேலை பற்றி எழுது. நம் பள்ளிகளில் 'நான் முதலமைச்சரானால்' என்று எழுதுவோமே, ஏறக்குறைய அதுதான். நாம் எழுதியவை பழைய தாள் கடைக்குப் போயின. அவர்கள் எழுதியவற்றில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை பத்திரமாக இருக்கின்றன.

1970 ஏப்ரலில் ஒரு வாரத்தில் பிறந்தவர்களையும் இதேபோல் எடுத்துக்கொண்டார்கள். பதினாறு வயதில், 1986இல், அவர்களிடம் வேலை ஆசை பற்றிக் கேட்கப்பட்டது. அந்த நேரம் பார்த்து அங்கே ஆசிரியர்கள் போராட்டம். பள்ளிகள் வழியாகப் போன படிவங்களில் பல திரும்பி வரவில்லை. தொடர் ஆய்வுகளின் தலைவிதி அது. அப்படியும் கிடைத்த பதில்கள், அந்தப் பிள்ளைகள் 34 வயதை எட்டியபோது மிகவும் பயன்பட்டன. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று சல்லடைகள்

இப்போது முடிச்சுக்கு வருவோம். டாக்டர் என்று எழுதியவன் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறான். அவன் ஆசை நிறைவேறியதா? இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். கண் அளவு வேறுபட்ட மூன்று சல்லடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சல்லடை மிக நுண்ணியது. சொன்ன வேலையின் பெயரும் பார்க்கும் வேலையின் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வேலைகளுக்கெல்லாம் எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்துப் பெரும்பிரிவுகள், அவை கிளைத்துக் கிளைத்து 436 சிறு பிரிவுகள். இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடும் இதை அடியொற்றியதுதான். அந்தப் பட்டியலில் பொது மருத்துவரின் எண் 2211. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பரின் எண் 3212. முதல் இலக்கமே வேறு, ஆகவே பொருந்தவில்லை. இந்தச் சல்லடையில் சலித்தால், எந்த நாட்டிலும் கடந்து வருபவர்கள் சிறுபான்மையினர்தான். 'சின்ன வயது ஆசை எங்கே பலித்தது' என்று பெருமூச்சு விடுபவர்கள் எல்லோரும் கையில் வைத்திருப்பது இந்தச் சல்லடையைத்தான்.

இரண்டாவது சல்லடை படிநிலையைப் பார்க்கிறது. எவ்வளவு படிப்பு, எவ்வளவு வருமானம், ஊரில் எவ்வளவு மதிப்பு என்று ஏணியில் எந்தப் படி. வழக்கறிஞராக ஆசைப்பட்டவர் பட்டயக் கணக்காளர் ஆனால் பெயர் பொருந்தவில்லை, படி பொருந்துகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளி முடித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த புகழ்பெற்ற தொடர் ஆய்வு பெரும்பாலும் இந்தச் சல்லடையைத்தான் பயன்படுத்தியது. அதில் பள்ளிப் பருவத்து ஆசைக்கு உண்மையான வலு இருப்பது தெரிந்தது. உயர்ந்த படியை நோக்கியவர்கள், சராசரியாக, உயர்ந்த படியில் போய் நின்றார்கள். ஆனால் அந்த ஆசையே வானத்திலிருந்து விழுந்ததல்ல; வீட்டுச் சூழலும், பெற்றோர், ஆசிரியர், நண்பர்களின் தூண்டுதலும் சேர்ந்து உருவாக்கியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

மூன்றாவது சல்லடை வேலையின் வகையைப் பார்க்கிறது. எனக்கு இதுதான் பிடித்தமானது. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959 முதல் வளர்த்தெடுத்த முறையில் வேலைகள் எல்லாம் ஆறு வகை: கையால் செய்வது, துருவி ஆராய்வது, படைப்பது, மனிதர்களுக்கு உதவுவது, ஆட்களைத் திரட்டி நடத்துவது, கணக்கையும் கோப்பையும் ஒழுங்காக வைப்பது. எந்த வேலையும் இவற்றில் இரண்டு மூன்றின் கலவை. மனிதர்களின் விருப்பமும் அப்படித்தான். இந்தச் சல்லடையில் பார்த்தால் மருத்துவரும் ஆய்வகத் தொழில்நுட்பரும் அவ்வளவு தூரத்தில் இல்லை. உடம்புக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று துருவிக் கண்டுபிடிப்பது இருவர் வேலையிலும் உண்டு.

கலெக்டர் ஆசையைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் ஆன நண்பனும் கலெக்டரும் வேலை பார்ப்பது ஒரே வருவாய்த் துறையில். ஏணியின் உச்சிப் படி ஒன்று, அடிப்படி ஒன்று. பட்டா, அடங்கல், சாதிச் சான்றிதழ், வெள்ளம் வந்தால் சேதக் கணக்கு என்று கோப்புகளின் வாசனை ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்குகளைச் சுமந்துகொண்டு போய் அதிகாரியின் முன்னால் வைத்துவிட்டு நிற்பான். ஒரு வருடம் அந்த நாற்காலியில் கலெக்டரே உட்கார்ந்திருந்தாராம். 'நான் உட்கார நினைத்த நாற்காலியை மூன்றடி தூரத்தில் பார்த்தேன்' என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பெயரில் தோல்வி, படியில் தோல்வி, வகையில் வெற்றி. ஒரே மனிதனுக்கு மூன்று மதிப்பெண்கள்.

வகைச் சல்லடை சும்மா ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. விருப்பங்கள் எவ்வளவு நிலையானவை என்று பல தொடர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பன்னிரண்டு வயதிலேயே அவை ஓரளவு நிலைத்திருக்கின்றன, 18 முதல் 22 வயதுக்குள் நன்றாக உறைந்துவிடுகின்றன என்று காட்டியது. 2021இல் வெளிவந்த ஐஸ்லாந்து ஆய்வு பதின்ம வயதினரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்தது. அவர்களுடைய விருப்ப வகைகள் பின்னாளில் பெற்ற பட்டத்தையும் வருமானத்தையும் கணிக்க உதவின. வேலையின் பெயர் சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது. எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

கணக்கு இடிக்கிறது

பெயர்கள் ஏன் உதிர்கின்றன? சோம்பல், திறமைக் குறைவு, வீட்டுக் கஷ்டம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். அவற்றுக்கெல்லாம் முன்னால் வெறும் கூட்டல் கழித்தல் நிற்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. ஆகவே ஒரு நேரத்தில் 38 பேர்தான் கலெக்டராக இருக்க முடியும். 2023ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் நாடு முழுவதும் தேர்வானவர்கள் 1,016 பேர், அதில் ஐ.ஏ.எஸ். இடங்கள் 180. என் நோட்டைப் போல மாநிலத்தில் எத்தனை ஆயிரம் நோட்டுகள் இருந்திருக்கும்? மருத்துவத்திலும் இதே கதை. 2024இல் நீட் எழுதியவர்கள் சுமார் 23 லட்சம் பேர், எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.1 லட்சம். எல்லோரும் இரவு பகலாகப் படித்தாலும் அந்த எண்ணிக்கை கூடாது.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்தும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று எதிர்பார்க்கிறாய் என்று கேட்கிறார்கள். 2018இல் 41 நாடுகளின் பதில்களை எடுத்துப் பார்த்தபோது, பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், மேலாளர், வழக்கறிஞர், போலீஸ் என்று போகிறது பட்டியல். 2000இல் இந்த நெரிசல் இதைவிடக் குறைவாக இருந்தது. இணையம் வந்து உலகம் விரிந்த பிறகு ஆசைகள் குறுகியிருக்கின்றன என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. (2018 பீசாவில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. கலந்துகொண்டிருந்தால் என் நோட்டே அறிக்கையாகியிருக்கும்.)

ஹாலண்டின் ஆறு வகைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. பதின்ம வயதினரில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆராய்ச்சி, கலை என்ற இரண்டு வகைகளில் ஆசை வைத்திருந்தார்கள். அந்நாட்டு வேலைகளில் அந்த இரண்டு வகைகளின் பங்கு 8 சதவீதம். ஆக, வகைச் சல்லடையிலும் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது. மேலே நான் கொஞ்சம் உற்சாகமாகப் பேசிவிட்டேன் என்றால் அதை இங்கே திருத்திக்கொள்ளுங்கள்.

வளரும் நாடுகளில் இடைவெளி இன்னும் பெரிது. முப்பத்திரண்டு நாடுகளைப் பற்றி அதே பொருளாதார அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, படித்துக்கொண்டிருக்கும் இளையோரில் 80 சதவீதம் பேர் உயர்திறன் வேலையை விரும்பினார்கள். வேலைக்குப் போய்விட்ட இளையோரில் அப்படிப்பட்ட வேலையில் இருந்தவர்கள் 20 சதவீதம். அரசு வேலையை விரும்பியவர்கள் 57 சதவீதம், அதில் இருந்தவர்கள் 17 சதவீதம். அரசு வேலை என்றால் நம் வீடுகளில் பெண் கொடுக்கும் வேகம் தெரிந்தவர்களுக்கு இந்த எண்கள் ஆச்சரியம் தராது.

கண்ணில் பட்டதைத்தான் கேட்போம்

எல்லோரும் ஏன் அந்தப் பத்து வேலைகளையே சொல்கிறார்கள்? பதினைந்து வயதில் நாம் பார்த்திருக்கும் வேலைகள் அவ்வளவுதான். ஆசிரியரைத் தினமும் பார்க்கிறோம். காய்ச்சல் வந்தால் டாக்டரையும் நர்ஸையும் பார்க்கிறோம். குடியரசு தினத்தில் கொடியேற்ற கலெக்டர் வருகிறார். வீட்டுக்குக் குடிநீர் வருவதற்குப் பின்னால், மருந்துக் கடைக்கு மாத்திரை வருவதற்குப் பின்னால், ஒரு பாடப்புத்தகம் அச்சாவதற்குப் பின்னால் எத்தனை விதமான வேலைகள் இருக்கின்றன என்பது எந்தப் பாடத்திலும் வராது. போதாக்குறைக்குப் பொதுத் தேர்வு முடிவு வந்த மறுநாள் செய்தித்தாள்களில் மாநில முதலிடம் பிடித்தவர்களின் பேட்டி வரும். டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்ற வரி அச்சுக்கோத்து வைத்தது போல எல்லா வருடமும் இருக்கும். 2017இல் தமிழ்நாட்டில் ரேங்க் வெளியிடும் முறையே நிறுத்தப்பட்டது. அந்தப் பேட்டிகள் போனதற்கு நான் வருந்தவில்லை.

இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் அசர் அமைப்பு 2017இல் நடத்திய கணக்கெடுப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பையன்கள் ராணுவம், போலீஸ், பொறியியல் என்றார்கள். பெண்கள் ஆசிரியர், செவிலியர் என்றார்கள். தாங்கள் விரும்பும் வேலைக்கு முன்மாதிரியாகச் சொல்ல ஒருவர்கூட இல்லை என்றவர்கள் 40 சதவீதம். அந்த வேலையில் இருக்கும் ஒருவரைக்கூட எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாமல் அந்த வேலைக்கு ஆசைப்படுவது, படத்தில் பார்த்து ஊருக்கு வழி கேட்பது போல.

ஆசை குறுகுவதை லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1981இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். குழந்தைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்கிறார்கள் என்பது அவர் கருத்து. ஆறேழு வயதில் 'இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை' என்று ஒரு பகுதி தள்ளுபடி. ஒன்பது வயதுக்கு மேல் 'இது கௌரவக் குறைவான வேலை, இது நமக்கு எட்டாத வேலை' என்று இன்னொரு பகுதி. எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி பதினான்கு வயதுக்கு மேல்தான் எழுகிறது. அதற்குள் பட்டியலில் மிச்சம் இருப்பது கைப்பிடி அளவு. பிறகு வாழ்க்கை நெருக்கும்போது முதலில் விட்டுக்கொடுப்பது பிடித்தமானதை, அடுத்தது கௌரவத்தை, கடைசியாகத்தான் ஆண் வேலை, பெண் வேலை என்ற எல்லையை என்றார். இந்த வரிசையைப் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. தள்ளுபடி நடக்கிறது என்பதை மறுப்பது கடினம்.

கோடு போட்ட பெண்ணிடம் பேசினேன். இன்று ஆறு தையல் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தொழில் நடத்துகிறாள். அந்தக் கோட்டை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நினைவில்லை என்றாள். 'அப்போது எனக்குத் தெரிந்த பெண்கள் வேலை டீச்சர் வேலை ஒன்றுதான். அதற்கு நான் படிக்க மாட்டேன் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வேறு என்ன எழுதுவது?' அவளுடைய அம்மா அந்நாளிலேயே வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அது ஒரு வேலை, அதையும் லட்சியம் என்ற வரியில் எழுதலாம் என்று அந்த வகுப்பில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது, எனக்கும் சேர்த்து.

அப்போது இல்லாத வேலைகள் வேறு இருக்கின்றன. 1996இல் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் என்றால் தட்டச்சுப் பயிலகத்தின் பின்னறையில் உறை போட்டு மூடி வைத்திருந்த ஒரு பெட்டி. 2000இல் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இன்ஜினியர் என்று எழுதியவர்களில் பலர் மெக்கானிக்கலும் சிவிலும் படித்துவிட்டு அந்தப் பூங்கா இருக்கும் சாலையில்தான் போய் இறங்கினார்கள். நோட்டில் சாஃப்ட்வேர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அப்படியானால் ஆசைப்பட்டு என்ன பயன்?

பயன் உண்டு. ஆனால் அது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. 1970இல் பிறந்த பிரிட்டன் பிள்ளைகளுக்கு இப்போது திரும்புவோம். பதினாறு வயதில் அவர்கள் சொன்ன வேலையையும், எதுவரை படிக்கப்போவதாகச் சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். சிலருக்கு இரண்டும் ஒத்துப்போயின. சிலர் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, அதற்குத் தேவையான படிப்பைவிடக் குறைவாகத் திட்டமிட்டிருந்தார்கள். சிலருக்கு என்ன வேலை என்றே தெரியவில்லை. 34 வயதில் பார்த்தபோது, திட்டம் பொருந்தாதவர்களும் தெரியாது என்றவர்களும் சராசரியாகக் கூடுதல் முறை வேலையில்லாமல் இருந்திருந்தார்கள், மணிக்கூலியும் குறைவு. ஆசை பெரியதா சிறியதா என்பதோடு, அதற்குப் போகும் வழி தெரிந்திருந்ததா என்பதும் வாழ்க்கையில் பதிந்துவிட்டது. 2011இல் வெளிவந்தது அந்த ஆய்வு. அதே பிள்ளைகளைப் பற்றிய மற்றொரு ஆய்வில், பதினாறு வயதில் வேலை வாழ்க்கையைப் பெரிதாக மதித்தவர்கள் 34 வயதில் அதிகம் சம்பாதித்ததும் தெரிந்தது. ஆசைப்பட்டது வீண்போகவில்லை.

இதை என் நண்பனை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். டாக்டர் என்று எழுதியபோது அவனுக்குத் தெரிந்தது, நிறைய மார்க் வாங்க வேண்டும் என்பது மட்டும். அந்நாளில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில நுழைவுத் தேர்வு தனியாக இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாதியில்தான் தெரிந்தது. டவுனில் படித்த பிள்ளைகள் அதற்கு ஒரு வருடம் முன்பே பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஆசையில் குறையில்லை. வழிகாட்டிப் பலகைதான் இல்லை.

ஆசைகளை மட்டும் ஊதிப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களில் முப்பது வயதுக்குள் உயர்தொழில் ஒன்றில் இருப்போம் என்று எதிர்பார்த்தவர்கள் 1976இல் 41 சதவீதம். 2000இல் 63 சதவீதம். எட்டிப் பிடித்தவர்களின் விகிதம் அந்த வேகத்தில் வளரவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை, பெரியவர்கள் 'எதுவும் முடியும்' என்று சொல்லிச் சொல்லி வழியைச் சொல்லாமல் விட்டார்கள் என்று நான் வாசித்துக்கொள்கிறேன்.

டொனால்ட் சூப்பர் என்பவர் 1951இல் நியூயார்க் மாநிலத்தின் மிடில்டவுன் என்ற ஊரில், ஒன்பதாம் வகுப்பை ஒட்டிய வயதுப் பையன்களை வைத்து ஒரு நெடிய ஆய்வைத் தொடங்கினார். அவர்கள் அன்று சொன்ன வேலைப் பெயர்கள் நிலைக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கமும், முன்யோசனையும் உள்ள பையன்கள் பின்னால் நன்றாக நிலைபெற்றார்கள். எழுபது வருடங்களுக்கு முன் தொடங்கிய ஆய்வு அது. நம் ஊரில் 2022 மார்ச் 1இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டலும் ஒரு பகுதியாக இருக்கிறது. என் வகுப்புக்கு அது இருபத்தைந்து வருடம் தாமதம்.

சென்ற வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு. வழக்கமான கேள்வி வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, 'பள்ளியில் எந்த நேரம் சீக்கிரம் போய்விடுகிறது?' என்று கேட்டேன். உயிரியல் ஆய்வகத்தில் இருக்கும்போது என்றாள். செம்பருத்திப் பூவை நெடுக்காக வெட்டி வரைந்த படத்தைக் காட்டினாள். சூல்பைக்குள் இருக்கும் சூல்களைக்கூட எண்ணி வரைந்திருந்தாள். அடுப்படியிலிருந்து தங்கை, 'டாக்டர்தான், வேறென்ன' என்றாள். பிள்ளை அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: 'மாமா, செடிக்கு என்ன நோய் என்று பார்த்துச் சொல்கிறவர்கள் இருப்பார்களா? அவர்கள் எங்கே படித்திருப்பார்கள்?'

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலர் நண்பனுக்குப் போன் போட்டேன். பயிர் விவரமெல்லாம் கைவிரலில் வைத்திருப்பவன். தன் கிராமத்துக்கு வரும் வேளாண்மை அலுவலரின் எண்ணைக் கொடுத்தான். 'ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு வா, வயலிலேயே நின்று பேசலாம்' என்றான்.